டிராகன் பால் என்ற ஜப்பானியக் கார்ட்டூன் தொடரின் நாயகன் கோகுவுக்கு ஜப்பானியில் குரல் கொடுப்பவர் ஒரு பாட்டியாமே, உண்மையா?

உண்மைதான். பெயர் மசாகோ நொசாவா, 1936-இல் டோக்கியோவில் பிறந்தவர். 1986-இல் தொடங்கிய டிராகன் பாலில் குட்டி கோகுவாகப் பேச ஆரம்பித்தார். பையன் வளர்ந்து, கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்ற பிறகும் ஆளை மாற்றவில்லை. போதாக்குறைக்கு மகன்கள் கோஹான், கோட்டென், அப்பா பார்டாக் என்று குடும்பமே அவர் தொண்டையில்தான் குடியிருக்கிறது. கோகுவும் இரண்டு மகன்களும் ஒரே காட்சியில் பேசிக்கொள்வதை ஜப்பானியில் கேட்டுப் பாருங்கள். கோகு கொஞ்சம் கரகரப்பு, கோஹானிடம் அடக்கம், கோட்டென் பச்சைக் குழந்தை. யார் பேசுகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

பையன் வேடத்துக்கு ஏன் பெண் குரல்? ஜப்பானில் இது பழைய வழக்கம். தொடக்கத்தில் வெளிநாட்டுத் தொடர்களுக்கு நேரடி ஒளிபரப்பிலேயே டப்பிங் பேச வேண்டியிருந்தது. சின்னப் பிள்ளைகளை நம்பி அதில் இறங்க முடியாது. நிஜப் பையனுக்கு வயது ஏற ஏறக் குரலும் உடைந்துவிடும். குழந்தை நட்சத்திரமாக இருந்து மேடை நாடகம் பழகிய நொசாவா இதற்குக் கச்சிதமாகப் பொருந்தினார்.

கோகு வருவதற்கு முன்பே அவர் பெரிய பெயர். 1968-இல் கிதாரோ என்ற பேய்ச் சிறுவனின் தொடரில் கிதாரோ, 1978-இல் கேலக்ஸி எக்ஸ்பிரஸ் 999 தொடரின் நாயகச் சிறுவன் தெட்சுரோ. 1973-இல் வந்த முதல் டோரேமான் தொடரின் பிற்பாதியில் டோரேமானே அவர்தான், இது பலருக்குத் தெரியாது! 2018-இல் கிதாரோ மறுபடி வந்தபோது கிதாரோவின் அப்பாவாகப் பேசினார்.

2024-இல் வெளியான டிராகன் பால் டைமா தொடரிலும் கோகு அவரேதான்.