பால் ஊற்றியதும் பழம் கசக்கிறதே!

அடுக்களைக் கேள்வி–பதில்

வெயில் ஏறியதும் வரும் கடிதங்களின் பேச்சே மாறிவிடுகிறது. குழம்பு, வறுவலை எல்லாம் ஓரம் தள்ளிவிட்டு இந்த முறை பெரும்பாலோர் பழக்கலவை பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். பினாங்கு ஆயர் ஈத்தாமில் என் அடுப்படியும் பகல் பதினொரு மணிக்கே அனலாகிவிடுகிறது. அடுப்பே பற்ற வைக்காமல் செய்யக்கூடியதைப் பற்றிப் பேச எனக்கும் ஆசைதான்.

கேள்வி: அக்கா, மகனின் பிறந்தநாளுக்குக் கஸ்டர்ட் கலந்து ஃப்ரூட் சாலட் செய்தேன். பப்பாளி, அன்னாசி, ஆப்பிள், வாழைப்பழம், திராட்சை எல்லாம் போட்டேன். காலையில் ருசி பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. சாயங்காலம் விருந்தினர் வந்த நேரத்தில் தண்ணீராக ஓடி, வாயில் கசந்தது. பால் கெட்டிருக்குமோ? (வாசகி, பட்டர்வொர்த்)

பால் கெடவில்லை, தங்கச்சி. அன்னாசி செய்த வேலை அது. வேகவைக்காத அன்னாசியில் புரோமிலின் என்ற நொதி இருக்கிறது. பாலில் உள்ள புரதத்தை அது துண்டு துண்டாக உடைத்துவிடும். அப்படி உடைந்த துண்டுகளில் சில கசக்கும். கலந்தவுடன் தெரியாது, நேரம் ஆக ஆகத்தான் கசப்பு ஏறும். அதனால்தான் காலையில் நன்றாக இருந்தது மாலையில் மாறிவிட்டது. பப்பாளியிலும் இதே குணமுள்ள பப்பெயின் உண்டு. ஆட்டுக்கறி சீக்கிரம் வேக நம் வீடுகளில் பப்பாளிக்காயைச் சேர்ப்பது இதற்காகத்தான். பழுக்கப் பழுக்க அது குறைந்துவிடும். எனவே நன்றாகப் பழுத்த பப்பாளியால் அவ்வளவு தொல்லை இல்லை. கிவிப் பழத்தையும் பாலோடு ஊறவிடாதீர்கள்.

தண்ணீராக ஓடியதற்குக் காரணம் வேறு. பழத்துண்டின் மேல் சர்க்கரை பட்டால் அது உள்ளே இருக்கும் சாற்றை வெளியே இழுக்கும். இனிப்பான கஸ்டர்டில் அரை நாள் ஊறினால் எல்லாப் பழமும் சாறு விடும், கஸ்டர்டும் இளகிப்போகும்.

அன்னாசி போட்டே ஆக வேண்டும் என்றால், துண்டுகளைக் கொஞ்சம் சர்க்கரையோடு சில நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறவிட்டுச் சேருங்கள். சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடும். டின்னில் வரும் அன்னாசியும் சூடுபடுத்தி அடைத்ததுதான், அதைப் பாலோடு சேர்க்கலாம். கஸ்டர்டுக்கு அரை லிட்டர் பால், 2 மேசைக்கரண்டி கஸ்டர்ட் பவுடர், 3 மேசைக்கரண்டி சர்க்கரை போதும். பவுடரை ஆறிய பாலில் கட்டியில்லாமல் கரைத்து, மிச்சப் பால் கொதிக்கும்போது ஊற்றிக் கிளறுங்கள். கெட்டியாகிக் குமிழ் வந்ததும் இறக்கிக் குளிர வையுங்கள். பழத்தைத் தனியாகவும் கஸ்டர்டைத் தனியாகவும் ஐஸ் பெட்டியில் (ஃப்ரிட்ஜில்) வைத்துவிட்டு, விருந்தினர் வந்து உட்கார்ந்த பிறகு சேர்த்துப் பரிமாறுங்கள்.

ஆனால் என் மனதில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வெயிலுக்குப் பாலே வேண்டாம். கண்டென்ஸ்டு மில்க் ஊற்றினால் எந்தப் பழம் சாப்பிட்டாலும் ஒரே ருசிதான். பழத்தைப் பழமாகச் சாப்பிடுவோமே! நான் செய்வது இப்படி. எட்டுப் பேருக்கு ஒரு எக்சோட்டிக்கா பப்பாளி, பாதி அன்னாசி, ஒரு மாம்பழம், ஒரு கொய்யா, ஒரு பிடி திராட்சை, கடைசியில் இரண்டு வாழைப்பழம். கொய்யாவும் அன்னாசியும் கடினமானவை, அவை முதலில் கிண்ணத்தில் இறங்கட்டும். லீமாவ் கஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சை நான்கைந்தைப் பிழிந்து, ஒரு மேசைக்கரண்டி தேன், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துப் பிரட்டி, ஐஸ் பெட்டியில் அரை மணி நேரம் வையுங்கள். அன்னாசியும் எலுமிச்சையும் விடுகிற சாறுதான் உங்கள் பாகு. அதற்கு மேல் சர்க்கரை தேவைப்படாது. பப்பாளியும் மாம்பழமும் குழையக் கூடியவை என்பதால் பரிமாறுவதற்குச் சற்று முன்புதான் சேர வேண்டும். வாழைப்பழம் எல்லோரும் மேசைக்கு வந்த பிறகு. தர்பூசணி போடுவதாக இருந்தால் அதுவும் அப்போதுதான், இல்லாவிட்டால் கிண்ணம் குளமாகிவிடும். ஒவ்வொரு பழத்துக்கும் இறங்கும் நேரம் ஒன்று உண்டு. அதைப் பார்த்துச் செய்தால் ருசி கெடாது.

பினாங்கில் இருப்பவர்களுக்கு இன்னொரு யோசனை. பாலிக் பூலாவ் பக்கம் ஜாதிக்காய்ப் பழத்தின் சதையில் செய்த பாகு பாட்டிலில் கிடைக்கும். தேனுக்குப் பதிலாக அதில் ஒரு கரண்டி ஊற்றிப் பாருங்கள். சௌராஸ்தா சந்தையில் விற்கும் ஜாதிக்காய் ஊறுகாயைப் பொடியாக நறுக்கி மேலே தூவினாலும் நன்றாக இருக்கும். அந்த வாசம் வேறு எந்த ஊர்ப் பழக்கலவையிலும் வராது.

கேள்வி: ஜெல்லி கிண்டி அன்னாசி போட்டேன். இரவு முழுக்க வைத்தும் உறையவில்லை. (வாசகர், கூலிம்)

மேலே சொன்ன அதே காரணம்தான். ஜெலட்டின் என்பது புரதம், அன்னாசி அதையும் உடைத்துவிடும். அகார் அகார் கடற்பாசியிலிருந்து வருவது, அதில் இந்தச் சிக்கல் கிடையாது. சைவம் சாப்பிடுபவர்களுக்கும் அதுவே ஏற்றது.

கேள்வி: அறுத்த ஆப்பிள் பத்து நிமிடத்தில் பழுப்பாகிவிடுகிறது. உப்புத் தண்ணீரில் போட்டால் கரிக்கிறது. என்ன செய்வது? (வாசகி, ஈப்போ)

காற்று பட்டதும் ஆப்பிள், பேரிக்காய், வாழைப்பழத்தில் உள்ள ஒரு நொதி வேலை செய்யத் தொடங்கும். நிறம் மாறுவது அதனால்தான். புளிப்பு அதை அடக்கும். ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு லீமாவ் கஸ்தூரியைப் பிழிந்து, ஆப்பிளை அதற்குள்ளேயே அறுத்துப் போடுங்கள். சில நிமிடம் கழித்து வடித்துவிடலாம். மழுங்கிய கத்தியால் அறுத்தால் சதை நசுங்கி இன்னும் சீக்கிரம் கறுக்கும், கத்தி கூர்மையாக இருக்கட்டும். வாழையில் பிசாங் பெராங்கான் எனக்குப் பிடித்தது. அதிகம் கனியாமல், தோலில் புள்ளி விழத் தொடங்கும்போது எடுங்கள்.

கேள்வி: என் மாமியார் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். வீட்டில் எல்லோரும் பழக்கலவை சாப்பிடும்போது அவர் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கொஞ்சம் கொடுக்கலாமா? (வாசகி, கிள்ளான்)

உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன்: பெலிம்பிங் எனப்படும் நட்சத்திரப் பழம் அவருக்கு ஒரு துண்டுகூட வேண்டாம், அதன் சாறும் வேண்டாம். பார்க்க அழகாக இருப்பதால் பலர் அதைக் கிண்ணத்தின் மேல் அடுக்கி அலங்கரிக்கிறார்கள். அதில் மூளையைப் பாதிக்கும் ஒரு நஞ்சு இருக்கிறது. கேரம்பாக்சின் என்ற அந்தப் பொருளை 2013இல் பிரேசிலின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்து வெளியிட்டார்கள். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது, அது உடம்பிலேயே தங்கும். அப்படிச் சாப்பிட்டவர்களுக்கு நிற்காத விக்கல், வாந்தி, குழப்பம், வலிப்பு எல்லாம் வந்திருக்கின்றன. உயிருக்கே ஆபத்தாகவும் முடிந்திருக்கிறது. தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் விக்கல் நிற்கட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். உங்கள் வீட்டுக் கிண்ணத்தில் அந்தப் பழமே வேண்டாம் என்பேன். ஒரே கரண்டியால் எல்லோருக்கும் பரிமாறுகிறோம், சாறும் கலந்துவிடுகிறது.

அடுத்தது பொட்டாசியம். வாழைப்பழம், பப்பாளி, கொய்யா, ராக்மெலன் ஆகியவற்றில் அது அதிகம். ஆப்பிள், பேரிக்காய், திராட்சை, அன்னாசி ஆகியவற்றில் குறைவு. அவருக்கென்று ஒரு சின்னக் கிண்ணத்தில் ஆப்பிளும் அன்னாசியும் நறுக்கி, மேலே புதினா இரண்டு இலை வைத்துக் கொடுங்கள். வடிந்த சாற்றை ஊற்ற வேண்டாம், அவர் குடிக்கும் தண்ணீர் அளவில் அதுவும் சேரும். ஆசாம் போய் என்ற உப்பிட்டு உலர்த்திய பிளம் பழத்தைத் தூவவே கூடாது, அத்தனையும் உப்பு. ஒரு நாளைக்கு எத்தனை துண்டு என்பதை டயாலிசிஸ் மையத்தில் இருக்கும் டயட்டிஷியன்தான் அவருடைய ரத்தப் பரிசோதனையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அடுத்த முறை போகும்போது கேட்டுவிடுங்கள். அவர் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடட்டும்.

கேள்வி: ஸ்ட்ராபெரி, புளூபெரி வாங்கினால் காசு எங்கேயோ போய்விடுகிறது. அவை இல்லாமல் பழக்கலவை எடுபடுமா? (மாணவி, கோலாலம்பூர்)

நன்றாகவே எடுபடும், கண்ணு. பப்பாளி, அன்னாசி, கொய்யா, வாழை நம் நாட்டில் வருடம் முழுக்கக் கிடைக்கும். பாசாரில் குறைந்த செலவிலேயே ஒரு கிண்ணத்துக்கு வேண்டியதை நீங்கள் தேற்றிவிடலாம். கொஞ்சம் செங்குவாங் கிழங்கு நறுக்கிப் போட்டால் மொறுமொறுப்பும் வந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் பெர்லிஸ் மாம்பழமான ஹாருமானிஸ் வரும். அது வாங்க முடிந்தால் எதிலும் கலக்காதீர்கள், அறுத்து அப்படியே சாப்பிடுங்கள். அது பழுத்தாலும் தோல் பச்சையாகவே இருக்கும், காம்பருகில் முகர்ந்துதான் பார்க்க வேண்டும். கலவைக்குச் சோக் அனான் மாம்பழம் போதும்.

கேள்வி: கோயில் அன்னதானத்துக்குப் பழக்கலவை செய்து கொண்டுபோக நினைக்கிறோம். காலையிலேயே நறுக்கி வைக்கலாமா? (வாசகர், பிறை)

ஐஸ் பெட்டியில் 5 டிகிரிக்குக் கீழே மூடி வைக்க இடமிருந்தால் காலையில் நறுக்கலாம். வெளியே எடுத்த பிறகு 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. 32 டிகிரியைத் தாண்டும் மதிய வெயிலில் 1 மணி நேரம்தான். ராக்மெலன், தர்பூசணி இரண்டையும் அறுக்கும் முன்பு ஓடும் தண்ணீரில் தோலைத் தேய்த்துக் கழுவுங்கள். தோலில் இருக்கும் கிருமியைக் கத்திதான் உள்ளே கொண்டுபோகிறது. கொண்டுபோகும் வழியில் ஐஸ் கட்டி போட்ட பெரிய பெட்டிக்குள் பாத்திரத்தை வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் கொட்டாமல் சின்னச் சின்னப் பாத்திரங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று தீர்ந்ததும் அடுத்ததை வெளியே எடுக்கலாம்.