கொச்சினிட்டா யாருடைய உணவு? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மெக்சிகோவின் யுகத்தான் பகுதியில் செய்யும் கொச்சினிட்டா பிபில் என்ற பன்றி இறைச்சி உணவை ஒரு சமையல் நிகழ்ச்சியில் ‘கலப்பே இல்லாத மாயன் உணவு’ என்றார்கள். பன்றியே ஸ்பானியர் கொண்டுவந்ததுதானே, அப்புறம் எப்படி மாயன் உணவு என்கிறார் என் நண்பர். யார் சொல்வது சரி? இன்னொன்று, நான் முட்டை வரைதான். அந்தச் சமையலில் எனக்கு ஏதாவது தேறுமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

பொருட்களை மட்டும் எண்ணினால் உங்கள் நண்பர் கட்சிதான் ஜெயிக்கும். பன்றி மட்டுமல்ல, இறைச்சியை ஊறவைக்கிற புளிப்பு ஆரஞ்சு, பூண்டு, சீரகம், மேலே போடும் வெங்காயம் எல்லாமே கப்பலேறி வந்தவை. மிளகின் பூர்வீகம் நம் பக்கத்து மலபார். பொதிந்து கட்டுகிற வாழை இலைகூட அந்த மண்ணுக்குப் புதிதுதான். முக்கியமாக மிஞ்சுவது அச்சியோத்தே, அதாவது வெண்ணெய்க்கும் சீஸுக்கும் நிறமேற்றப் பயன்படும் அந்தச் சிவப்பு விதை.

ஆனால் சமையல் என்பது சாமான் பட்டியல் இல்லையே. ‘பிப்’ என்பது மண்ணடுப்பு. குழி தோண்டி, விறகை எரித்து, கற்களைப் பழுக்கக் காய்ச்சுகிறார்கள். இலையில் பொதிந்த இறைச்சியை உள்ளே இறக்கி, மேலே இலை தழைகளைப் போட்டு மண்ணால் மூடிவிடுகிறார்கள். பல மணி நேரம் கழித்துத் திறந்தால் கத்தியே வேண்டாம், விரலால் தொட்டாலே நார்நாராகப் பிரியும். ஸ்பானியர் வருவதற்கு முன்பே மாயர்கள் மானையும் வான்கோழியையும் இப்படிச் சமைத்திருக்கிறார்கள். பன்றி வந்தது, அதுவும் குழிக்குள் போனது. என்னைக் கேட்டால் கொச்சினிட்டா மாயன் சமையல்தான். ‘கலப்பே இல்லாத’ என்ற வார்த்தைதான் தப்பு.

பொருளைவிடச் செய்முறை பெரிது என்பதற்கு மக்காச்சோளத்தின் கதையையே பார்க்கலாம். மாயர்கள் மக்காச்சோளத்தை அப்படியே அரைப்பதில்லை. கிலோவுக்குச் சுமார் 10 கிராம் சுண்ணாம்பு சேர்த்து வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் தோலைத் தேய்த்துக் கழுவிவிட்டு அரைப்பார்கள். சோளத்தில் உடலுக்கு எட்டாமல் பிணைந்து கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினைச் சுண்ணாம்பு விடுவிக்கிறது. ஸ்பானியர் சோளத்தை ஊருக்குக் கொண்டுபோனார்கள்; சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். சோளத்தையே நம்பி வாழ்ந்த ஸ்பானிய ஏழைகளுக்கு, நியாசின் கிடைக்காமல், தோல் வெடித்துப் புண்ணாகும் நோய் வந்தது. அஸ்தூரியாஸ் பகுதி மருத்துவர் காஸ்பர் கசால் 1735இல் அதை விவரித்தார். பின்னாளில் பெலக்ரா என்று பெயர் பெற்ற நோய் அதுதான். வட இத்தாலியிலும் அதே கதை.

சரி, உங்கள் சாப்பாட்டுக்கு வருவோம். பாப்பட்சூல் என்ற யுகத்தான் முட்டை உணவைச் செய்து பாருங்கள். பூசணி விதையை வறுக்க வேண்டும், கருகவிடக் கூடாது. நைசாக அரைத்து, சூடான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசைந்தால் பச்சை நிற எண்ணெய் கசியும். அதைத் தனியே வழித்து வையுங்கள். மீதி விழுதை எப்பசோத்தே என்ற மூலிகை கொதித்த நீரில் கரைத்தால் குழம்பு ரெடி. டோர்ட்டியாவை, அதாவது மக்காச்சோள மாவில் தட்டிய மெல்லிய ரொட்டியை, அதில் புரட்டி, அவித்த முட்டையை நறுக்கி உள்ளே வைத்துச் சுருட்டி, மீதிக் குழம்பையும் தக்காளிச் சாறையும் ஊற்றி, கடைசியில் அந்தப் பச்சை எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். எப்பசோத்தே நம் ஊரில் கிடைப்பது கஷ்டம். கொத்தமல்லி போட்டால் வேறு ருசி வந்துவிடும், அதற்குச் சும்மா விட்டுவிடுவதே மேல். (கோழி முட்டையும் ஸ்பானியர் வழியாக வந்ததுதான், நண்பரிடம் சொல்லாதீர்கள்.)

டோர்ட்டியாவுக்கு மளிகைக் கடை மக்காச்சோள மாவை வாங்கிவிடாதீர்கள். சுண்ணாம்பில் வேகாத மாவு பிசையப் பிசைய உதிரும், தட்ட வராது. சுண்ணாம்பில் வெந்த சோளத்தின் மாவை ‘மாசா ஹரீனா’ என்று கேட்டு வாங்குங்கள், இணையத்தில் கிடைக்கிறது.