மருந்தடித்த வரப்பில் மேய்ந்த ஆடு: ஊசி போட்டும் துடிப்பு நிற்காதது ஏன்?

கேள்வி: பருத்திக்கு புரொபனோபாஸ் அடித்த மறுநாள் வரப்புப் புல்லை மேய்ந்த 20 கிலோ வெள்ளாடு, எச்சில் ஒழுகக் கழிந்துகொண்டே விழுந்துவிட்டது. மருத்துவர் இன்று காலை அட்ரோபின் போட்டார். எச்சில் நின்றது, மூச்சு சீரானது. தொடைச் சதை மட்டும் இன்னும் துடிக்கிறது. இன்னொரு ஊசி போடச் சொல்லலாமா?

பதில்: துடிப்பை நிறுத்த அட்ரோபின் கேட்காதீர்கள். அது அந்த வேலைக்கான மருந்தே அல்ல.

நரம்பு நுனி சதையோடு ஒட்டியிருப்பதில்லை. நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி உண்டு. கட்டளை வந்ததும் நரம்பு அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும். அது எதிர்ப்பக்க ஏற்பியில் ஒட்டினால் சதை சுருங்கும், சுரப்பி சுரக்கும். உடனே கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதை உடைத்துவிட வேண்டும். புரொபனோபாஸ், குளோர்பைரிபாஸ், டைமீதோயேட் எல்லாம் முடக்குவது இந்த நொதியைத்தான். பூச்சி சாவதும் இதனால்தான், ஆடு விழுவதும் இதனால்தான். மடை அடைக்காத வாய்க்கால்போல் கட்டளை ஓடிக்கொண்டே இருக்கும்.

ஏற்பியில் இரண்டு வகை. எச்சில், மூச்சுக்குழல் சளி, குடல், கண் பாப்பா இவற்றில் மஸ்கரினிக். கால், தொடைச் சதையில் நிக்கோட்டினிக். அட்ரோபின் முதல் வகையை மட்டுமே அடைக்கும். எச்சில் வற்றி மூச்சு தெளிந்ததும் உங்கள் மருத்துவர் நிறுத்தியது சரி. அதற்கு மேல் போட்டால் குடல் ஓட்டம் நின்று வயிறு உப்பும்.

அளவு குறைந்தாலும் ஆபத்துதான். கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் என்றால் உங்கள் ஆட்டுக்கு 10 மில்லிகிராம். ஒரு மில்லியில் 0.6 மில்லிகிராம் இருக்கும் ஆம்பூல் என்றால் 16, 17 மில்லி ஆகும். ஒரே ஆம்பூல் போட்டுவிட்டு 'கேட்கவில்லை' என்பவர்கள் நிறையப் பேர். கால் பங்கை ரத்தக்குழாயிலும் மீதியைத் தோலடியிலும் போடுவது வழக்கம். சில மணி நேரத்தில் எச்சில் மறுபடி ஒழுகினால் திரும்பப் போட வேண்டியிருக்கும். ராத்திரியும் ஒரு கண் வையுங்கள்.

துடிப்புக்கு உதவக்கூடியது பிராலிடாக்சிம் என்ற ஊசிமருந்து. நொதியைப் பிடித்திருக்கும் நஞ்சை அது பிரிக்கும். ஆனால் நேரம் ஆக ஆகப் பிடி இறுகி, பிறகு பிரியாது. எனவே இன்றே கேளுங்கள். கார்பரில் போன்ற கார்பமேட் மருந்துகளில் நொதி தானாகவே விடுபடும், அங்கே இது பொதுவாகத் தேவைப்படாது. அதனால்தான் மருந்து டப்பாவை மருத்துவரிடம் காட்டச் சொல்வது.

விழுங்க முடிகிற ஆட்டுக்கு, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, மருந்துக்கடைக் கரித்தூள் கிலோவுக்கு 1 கிராம் வீதம் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கலாம். அடுப்புக்கரி உதவாது. எண்ணெயும் பாலும் வேண்டாம். மூச்சு வாங்கும் ஆட்டுக்கு வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். மேலே மருந்து பட்டிருந்தால் கையுறை மாட்டி சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். நெஞ்சை ஊன்றி உட்காரும்படி சாக்கை முட்டுக்கொடுங்கள்.

மற்ற ஆடுகளின் கண்ணையும் பாருங்கள். நிழலில்கூட பாப்பா ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தால் அதுவும் தின்றிருக்கிறது. உடனே மருத்துவரையோ 1962 ஆம்புலன்ஸையோ கூப்பிடுங்கள். பிழைக்காது என்று தோன்றினாலும் கறிக்கு விற்க வேண்டாம்.