டிஸ்னி வேர்ல்டு கட்டணம் வருடா வருடம் ஏறுகிறதே, பழைய சலுகைகள் எல்லாம் எங்கே போயின? இனி குடும்பத்தோடு போக முடியுமா?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா தாண்டிப் போக முடியவில்லை. நீங்களும் அமெரிக்காவில் எங்கோ இருந்துகொண்டு, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்கும் நேரத்தையும் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையையும் ஒன்றாகச் சேர்த்து, டிஸ்னி வேர்ல்டு இருக்கும் ஆர்லாண்டோ போய்விட்டு வரலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். டிக்கெட் பக்கத்தில் ஆறு பேர் என்று போட்டதும் வந்த தொகையைப் பார்த்து இங்கே வந்து கேட்டிருக்கிறீர்கள். 2023இல் நானும் இதே கணக்கைப் போட்டவன்தான்.

முதலில் கேட்டதற்குப் பதில். சலுகைகள் குறைந்தது உண்மை, உங்களுக்குச் சும்மா அப்படித் தோன்றுகிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நாங்கள் 2014 செப்டம்பரில் டிஸ்னி வேர்ல்டு போனோம். மகளுக்கு அப்போது இரண்டு வயது, மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. அங்கே உள்ள பார்க்குகளில் ஒன்றான மேஜிக் கிங்டமுக்கு ஒரு நாள் டிக்கெட் பெரியவருக்கு 99 டாலர். கூட்டமில்லாத மாதம் என்பதால் டிஸ்னியின் ஓட்டலில் முழு வாடகை கொடுத்துத் தங்கினால் சாப்பாட்டுத் திட்டம் இலவசம், அது 2005இல் அவர்களே ஆரம்பித்த சலுகை. வரிசையில் நிற்காமல் போக ஃபாஸ்ட்பாஸ் என்று ஒன்று இருந்தது, ஒரு நாளைக்கு மூன்று ராட்டினங்களுக்கு முன்கூட்டியே நேரம் குறித்துக்கொள்ளலாம், ஒரு சென்ட் கிடையாது. டிக்கெட்டாகவும் ரூம் சாவியாகவும் பயன்படும், கையில் கட்டும் பட்டை இலவசம், ஓட்டலில் கார் நிறுத்த இலவசம், விமானத்தில் வருகிறவர்களுக்கு ஏர்போர்ட்டிலிருந்து ஓட்டலுக்கு பஸ் இலவசம். என் மனைவி அந்த நாலு நாட்களைப் பற்றி இன்றைக்கும் பேசுவாள். அன்றைக்கு அது எங்களுக்குத் தகுந்த செலவாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன்.

அப்புறம் பெரும்பாலானவை ஒவ்வொன்றாகப் போயின. 2015இலேயே டிக்கெட் நூறு டாலரைத் தாண்டியது. 2018 அக்டோபரிலிருந்து ஒவ்வொரு தேதிக்கும் ஒரு விலை என்று ஆக்கினார்கள், அதாவது உங்கள் பிள்ளைக்கு லீவு விடும் வாரம்தான் விலை உச்சத்தில் நிற்கும். கைப்பட்டை 2021 தொடக்கத்தோடு இலவசம் இல்லை என்றாகிவிட்டது. ஏர்போர்ட் பஸ் அந்த வருடக் கடைசியோடு சரி. 1999இலிருந்து இலவசமாக இருந்த ஃபாஸ்ட்பாஸ், 2020 கொரோனா மூடலோடு நின்றது. 2021 அக்டோபரில் அதே வசதி வேறு பெயரில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டாலர் என்று திரும்பி வந்தது, அதன் பெயரும் விலையும் பிறகும் மாறிக்கொண்டே இருந்தன. 2024 கடைசியில் வந்த உயர்ந்த ரக பாஸுக்கு, நுழைவு டிக்கெட் போக, உச்ச நாளில் ஆளுக்கு 449 டாலர் வரை. 2025 அக்டோபர் அறிவிப்போடு ஒரு நாள் டிக்கெட்டே உச்ச நாளில் 200 டாலரைத் தாண்டிவிட்டது.

இப்போதும் சலுகை என்று அறிவிப்பு வரும். அவர்கள் ஓட்டலிலேயே தங்க வேண்டும், இத்தனை இரவு, இத்தனை நாள் டிக்கெட், பிள்ளை 3 முதல் 9 வயதுக்குள் என்று நிபந்தனைகளைப் படித்துக்கொண்டே போனால் நம் குடும்பம் எங்கேயாவது ஒரு வரியில் விழுந்துவிடும். பத்து வயது ஆனால் பெரியவர் கட்டணம். ஆனால் அறுபத்தைந்து, எழுபது வயதானவருக்கு டிக்கெட்டில் ஒரு டாலர்கூடக் குறைவு கிடையாது. என் வயிற்றெரிச்சல் இந்த விஷயத்தில்தான், அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

2023 ஏப்ரல் முதல் வாரம், பிள்ளைகளுக்கு வசந்த விடுமுறை. அப்பா அம்மா மதுரையிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அட்லாண்டா பக்கத்திலிருந்து ஏழு மணி நேரம் காரிலேயே போனோம், புளியோதரை, தயிர் சாதம், கூடவே ரைஸ் குக்கர், ஊறுகாய். இந்தத் தடவை டிஸ்னி கட்டுப்படியாகாது என்று அதே ஊரில் வேறொரு பார்க். எந்தப் பார்க், எந்த ஓட்டல் என்று பெயர் சொல்லப் போவதில்லை. ஓட்டலில் இறங்கியதும் முதல் அடி, ஒரு இரவுக்கு 38 டாலர் 'ரிசார்ட் கட்டணம்', கார் நிறுத்த 20 டாலர். புக் பண்ணும்போது பார்த்த விலையில் இது இல்லவே இல்லை, எங்கோ அடியில் சின்ன எழுத்தில் இருந்ததாம். (2025 மே 12 முதல் இப்படி மறைத்துக் காட்டக் கூடாது, கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்து மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி வந்துவிட்டது. நீங்கள் ஏமாற வேண்டியதில்லை.)

அன்று இரவு ரூமில் உட்கார்ந்து மறுநாள் டிக்கெட் போடுகிறோம். என் ஆபீஸில் ஊழியர்களுக்கென்று ஒரு தள்ளுபடிப் பக்கம் உண்டு, சில வருடம் முன்பு அதில் ஆளுக்கு முப்பது நாற்பது டாலர் குறையும், அதை நம்பித்தான் முன்பே வாங்காமல் இருந்தேன். இந்த முறை ஆறு டாலர்தான் குறைந்தது. அதையும் கழித்து, வரியோடு, பெரியவருக்கு 164. மகளுக்குப் பதினொரு வயது என்பதால் அவளும் பெரியவர். மகனுக்கு மட்டும் 159. மகள் போனைப் பார்த்துச் சத்தமாகக் கூட்டிச் சொன்னாள், 979 டாலர், ஒரு நாளைக்கு. அப்பா கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் பேனாவை எடுத்து ஒரு பழைய ரசீதின் பின்பக்கம் பெருக்கினார். அப்போது டாலர் 82 ரூபாய். எண்பதாயிரத்துச் சொச்சம் வந்தது. அரசு பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ரிட்டயர் ஆனவர், அவருடைய மூன்று மாதப் பென்ஷனுக்கு மேல்.

"ஏம்ப்பா, ராட்டினம் ஏறாத ஆளுக்கும் அதே காசா?" என்று கேட்டார். ஆமாம்ப்பா, உள்ளே நுழையறதுக்கே அதுதான் என்றேன். "நம்ம தமுக்கத்துல பொருட்காட்சிக்கு உள்ள போக ஒரு டிக்கெட்டு, ராட்டினத்துக்குத் தனி டிக்கெட்டு. அதுதானப்பா நியாயம். நானும் உங்கம்மாவும் எங்க ஏறப் போறோம்?" என்றார். நான் ஏதோ சமாதானம் சொன்னேன், காசைப் பற்றி யோசிக்காதீங்க என்றேன். காலையில் எழுந்ததும் கால் வலிக்கிறது, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். அவரைத் தனியாக விட மாட்டேன் என்று அம்மாவும் இருந்துகொண்டார். நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. 328 டாலர் மிச்சம் என்று மனதின் ஒரு மூலையில் தோன்றியது, அதை இப்போது எழுதும்போதும் கஷ்டமாக இருக்கிறது.

பார்க்கில் நாங்கள் நாலு பேர். ஒரு ராட்டினத்துக்கு 95 நிமிடம் நின்றோம், பக்கத்து வழியில் கூடுதலாகக் காசு கட்டியவர்கள் நடந்து போய் ஏறிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் ஏன் முதலில் போகிறார்கள் என்று மகன் கேட்டான், காசு கட்டியிருக்கிறார்கள் என்றேன், நாமும்தானே கட்டினோம் என்றான். எட்டு வயதுகூட ஆகாத பிள்ளை. எனக்குப் பதில் வரவில்லை.

ராத்திரி ஒன்பதரைக்குத் திரும்பினோம். மகள் தாத்தாவின் போனை வாங்கி ஏதோ பார்த்தவள், தாத்தா பதினோராயிரம் காலடி நடந்திருக்கிறார் என்றாள். அப்புறம் அம்மா சொல்லித்தான் தெரிந்தது, இரண்டு பேரும் நடந்தே பார்க்கின் வாசல் பக்கம் வரை போய், வெளியே நின்று அந்தப் பெரிய ராட்டினம் போவதையும் ஆட்கள் கத்துவதையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். கால் வலி எல்லாம் ஒன்றுமில்லை.

இதை நான் பல நாள் மறக்க முடியாமல் இருந்து, பிறகு பழைய கட்டண விவரங்களைத் தேடிப் படித்தேன். அப்பா சொன்ன பொருட்காட்சி முறைதான் டிஸ்னி வேர்ல்டிலும் முதலில் இருந்திருக்கிறது. 1971 அக்டோபர் 1 அன்று திறந்தபோது நுழைவு 3.50 டாலர், ராட்டினங்களுக்கு ஏ முதல் ஈ வரை தரம் பிரித்துத் தனிச் சீட்டுகள். சும்மா சுற்றிப் பார்க்க வந்த தாத்தா பாட்டி நுழைவுக் காசு மட்டும் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்காரலாம். 1982இல்தான் சீட்டுப் புத்தகத்தை எடுத்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் ஆக்கினார்கள். விலைவாசி உயர்வைச் சேர்த்தால் அந்த 3.50 இன்றைக்கு 28 டாலர் போல வரும். இரண்டையும் ஒப்பிடக் கூடாது, இன்றைய டிக்கெட்டில் எல்லா ராட்டினமும் சேர்ந்திருக்கிறது என்று யாராவது வருவீர்கள், தெரியும். நான் சொல்வதும் அதைத்தான். ஏறாதவர்களுக்கு என்று ஒரு 28 டாலர் டிக்கெட் இருந்திருந்தால் என் அப்பா உள்ளே வந்திருப்பார்.

கட்டுப்படியாகாதவன் ஏன் போகிறாய், அது வியாபாரம், கூட்டம் வருகிறவரை விலை ஏற்றத்தான் செய்வார்கள் என்று சொல்கிறவர்களும் இருப்பீர்கள். கூட்டம் வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சம்பளமும் மின்சாரமும் ஏறிவிட்டதால் வேறு வழியில்லாமல் ஏற்றுகிறார்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். 2024 நிதியாண்டில் டிஸ்னி நிறுவனத்தின் செயல்பாட்டு லாபத்தில் பாதிக்கு மேல் பார்க்குகளும் கப்பல்களும் உள்ள பிரிவிலிருந்து வந்தது. அப்புறம், அமெரிக்காவில் இருக்கும் தமிழன் என்றால் ஐடி, கை நிறையச் சம்பளம் என்று நினைக்கிறவர்களுக்காக: நான் ஒரு கிடங்கில் ஷிப்ட் சூப்பர்வைசர், மனைவி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். வருடத்தில் ஒரு விடுமுறைக்குத்தான் காசு சேரும்.

அந்த ஒன்றுக்கும் இந்தியா டிக்கெட் வந்து நிற்கும். ஜூனில் பள்ளி விட்டதும் மதுரைக்கு நாலு பேர் என்றால், போன வருடம் எனக்கு வந்த தொகை 7,400 டாலர். அதே விமானம் பிப்ரவரியில் பாதிக்குக் கொஞ்சம் மேல். பிப்ரவரியில் பிள்ளைகளைப் பள்ளியை விட்டு மூன்று வாரம் கூட்டிப் போக முடியுமா? பார்க்காக இருந்தாலும் விமானமாக இருந்தாலும் பள்ளிக்கூட நாட்காட்டியைப் பார்த்துத்தான் விலை வைக்கிறார்கள். இது நீங்கள் கேட்காத விஷயம், இருந்தாலும் இரண்டுக்கும் ஒரே பையிலிருந்துதான் காசு போகிறது.

சரி, உங்கள் விஷயம். பிள்ளைகள் இன்னும் பள்ளி சேரவில்லை என்றால் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் போங்கள். வெயிலும் மழையும் இருக்கும், புயல் காலமும்கூட, ஆனால் விலை குறைவு. ஒரு நாள் டிக்கெட்டாக வாங்காதீர்கள், நாலு ஐந்து நாளாக வாங்கினால் ஒரு நாளுக்கான விலை நன்றாகவே இறங்கும். டார்கெட் கடை கார்டு இருந்தால் டிஸ்னி கிஃப்ட் கார்டை அதில் 5 சதவீதம் குறைத்து வாங்கி அதிலேயே டிக்கெட்டுக்குக் கட்டலாம். பாதி விலைக்கு டிக்கெட் தருகிறோம், 90 நிமிடம் உட்கார்ந்து கேட்டால் போதும் என்று ரோட்டோரத்தில் கூப்பிடுகிறவர்களிடம் போகாதீர்கள், அது டைம்ஷேர், அதாவது விடுமுறை வீட்டில் வருடத்தில் சில நாள் தங்கும் உரிமையைத் தலையில் கட்டும் விற்பனை, எங்களுக்கு அரை நாள் போனது. அங்கே எதிலாவது கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தால் ஃபுளோரிடா சட்டப்படி 10 நாளுக்குள் எழுத்தில் ரத்து செய்யலாம், விட்டுவிடாதீர்கள்.

பெரியவர்களுக்கு ஒன்று. டிஸ்னி ஓட்டல்களையும் இரண்டு பார்க்குகளையும் இணைக்கும் ஸ்கைலைனர் என்ற கேபிள் கார் 2019இலிருந்து ஓடுகிறது, அதில் ஏற டிக்கெட்டே வேண்டாம். மேஜிக் கிங்டம் பக்கத்து ஓட்டல்களைச் சுற்றி வரும் மோனோரயிலும் அப்படித்தான். டிஸ்னியின் கடைவீதியான டிஸ்னி ஸ்பிரிங்ஸில் கார் நிறுத்த இலவசம், அங்கிருந்து ஓட்டல்களுக்கு பஸ்ஸும் இலவசம். பண்டிகைக் கூட்டத்தில் மட்டும் முயல வேண்டாம், அப்போது தங்குகிறவர்களை மட்டும் விடுவதுண்டு. மற்ற நாளில் நீங்கள் பிள்ளைகளோடு உள்ளே இருக்கும்போது அப்பா அம்மா தண்ணீருக்கும் மரங்களுக்கும் மேலே போய் வரலாம், சாயங்காலம் அந்த மோனோரயில் வழியில் உள்ள பாலினேசியன் ஓட்டல் கரையிலிருந்து மேஜிக் கிங்டம் வாணவேடிக்கையும் பார்க்கலாம். பழனி ரோப் காரில் ஏறுவதற்கென்றே அப்பா எங்களை இரண்டு தடவை கூட்டிப் போயிருக்கிறார். இது இலவசம் என்று எனக்கு 2023இல் தெரியாது. இப்போது டாக்டர் அவருக்கு நீண்ட விமானப் பயணம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.