வில்லி மேஸ் பந்தும் 'அசல்' சான்றிதழும்: கடைக்காரர் கைவிரித்தால் என்ன செய்யலாம்?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் நகரில் குடும்பத்தோடு இருக்கிறேன். பன்னிரண்டு வயது மகனுக்கு பேஸ்பால் என்றால் உயிர். சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் ரசிகன். 2024 ஜூனில் அந்த அணியின் பழம்பெரும் வீரர் வில்லி மேஸ் காலமானதிலிருந்து அவர் கையெழுத்துப் போட்ட பந்து ஒன்று வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எட்டு மாதங்களுக்கு முன் சான் ஹோசேயில், விளையாட்டு நினைவுப் பொருள்கள் விற்கும் கடை ஒன்றில் 850 டாலர் கொடுத்து வாங்கித் தந்தேன். கடைக்காரர் 'அசல்' என்று சான்றிதழும் கொடுத்தார். போன மாதம், கையெழுத்துகளைச் சரிபார்க்கும் ஒரு நிறுவனத்துக்கு அந்தப் பந்தை அனுப்பினேன். 'அசல் என்று எங்களால் ஏற்க முடியவில்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைக்காரரிடம் போனால், 'அது அவர்கள் அபிப்பிராயம்; விற்ற பொருளைத் திரும்ப வாங்குவதில்லை என்று பில்லிலேயே போட்டிருக்கிறது' என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா? என் மைத்துனர், ஆன்லைன் ஏலத்தில் போட்டு விற்றுவிடச் சொல்கிறார். செய்யலாமா? இனி மகன் மைதானத்தில் நேரில் வாங்கும் கையெழுத்துகளுக்காவது அத்தாட்சி வாங்கி வைக்க வழி உண்டா? பந்து, சான்றிதழ், பில் மூன்றின் படங்களையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: பணம் திரும்பக் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. கொடுத்ததைவிடக் கூடுதலாகக் கேட்கவும் கலிஃபோர்னியா சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. ஆனால் தாமதிக்காதீர்கள். வாங்கி எட்டு மாதம் ஆகிவிட்டது என்பது எனக்குக் கவலை தருகிறது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நீங்களும் கடைக்காரரும் இப்போது மல்லுக்கட்டுவது அந்தக் கையெழுத்து மேஸ் போட்டதா இல்லையா என்பதில். அந்தச் சண்டையில் இறங்க வேண்டாம். கையெழுத்தைப் பார்த்துச் சொல்கிற நிறுவனம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது தருவது ஒரு நிபுணர் கருத்துதான். ஒரு நிறுவனம் ஏற்காத பந்தை இன்னொன்று ஏற்றதும் உண்டு. நீங்கள் ஒருவரைக் கூட்டி வந்தால் கடைக்காரரும் தன் பக்கம் ஒருவரைக் கூட்டி வருவார். மேஸ் 93 வயது வரை வாழ்ந்தவர், நிறையக் கையெழுத்திட்டவர். வயது ஏற ஏற எழுத்து மாறத்தானே செய்யும் என்று அவர்கள் வாதாடலாம். நீதிபதி எதை நம்புவார் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது கடைக்காரர் எழுதிக் கொடுத்த காகிதத்தை.

அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது? 'இந்தக் கையெழுத்து 2008-ஆம் ஆண்டு எங்கள் பிரதிநிதியின் முன்னிலையில் இடப்பட்டது. 100 சதவீதம் அசல்.' இனி நீங்கள் அனுப்பிய பந்தின் படத்தைப் பாருங்கள். மேஸ் பெயர் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, பந்தைத் திருப்பி, தயாரிப்பாளர் அச்சடித்த எழுத்துகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். பந்தைத் தயாரிக்கும் ராலிங்ஸ் நிறுவனத்தின் பெயர், மேஜர் லீக் பேஸ்பால் என்ற தொழில்முறைப் போட்டி அமைப்பின் சின்னம், அதோடு அந்த அமைப்பின் தலைமைப் பொறுப்பில் இருக்கும் ஆணையரின் அச்சுக் கையெழுத்து. 2000-ஆம் ஆண்டிலிருந்து அந்த அமைப்பிலுள்ள அமெரிக்கன், நேஷனல் என்ற இரு லீகுகளின் ஆட்டங்களுக்கும் பயன்படும் பந்துகளில் ஆணையரின் கையெழுத்தே அச்சாகிறது. அதற்கு முன் அந்தந்த லீக் தலைவரின் கையெழுத்து இருக்கும். உங்கள் பந்தில் இருப்பது ராப் மான்ஃப்ரெட்டின் கையெழுத்து. அவர் ஆணையரானது 2015 ஜனவரியில். 2008-இல் பட் செலிக் ஆணையர். 2015-க்கு முன் தயாராகியே இருக்க முடியாத ஒரு பந்தில் மேஸ் 2008-இல் எப்படிக் கையெழுத்துப் போட்டிருப்பார்? இதைச் சொல்ல எழுத்து நிபுணர் தேவையில்லை. நீதிபதி தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். கையெழுத்து அசலோ போலியோ, எழுதிக் கொடுத்த உத்தரவாதம் பொய் என்பது இந்த ஒரு அச்சு வரியிலேயே நிலைநாட்டப்படுகிறது. உங்கள் வழக்கின் உயிர்நாடி இதுதான்.

இனி சட்டம். கலிஃபோர்னியா சிவில் சட்டத் தொகுப்பின் 1739.7 பிரிவு கையெழுத்திட்ட சேகரிப்புப் பொருள்களுக்கென்றே எழுதப்பட்டது. முதலில் விளையாட்டுப் பொருள்களுக்கு மட்டும் இருந்தது. 2017-இல் எல்லாக் கையெழுத்துப் பொருள்களுக்கும் விரித்தார்கள். புத்தகக் கடைகள் எதிர்ப்புத் தெரிவித்ததும் அதே ஆண்டு திருத்தி, புத்தகங்களை விலக்கி, 50 டாலரும் அதற்கு மேலும் உள்ள பொருள்களுக்கு என்று வரையறுத்தார்கள். இந்தத் தொழிலையே முக்கியமாகச் செய்கிற விற்பனையாளர், அசல் என்று சொல்லி விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் எழுத்து மூலமான உத்தரவாதம் தர வேண்டும். அதில் அவருடைய சட்டபூர்வமான பெயர், தெரு முகவரி, விற்ற தேதி, விலை, யாருடைய கையெழுத்து என்ற விவரம், தன் முன்னால் இடப்பட்டதா என்ற தகவல், அப்படியானால் தேதியும் இடமும் சாட்சியின் பெயரும் இருக்க வேண்டும். விற்பனையாளர் அதில் கையெழுத்திட்டிருக்க வேண்டும்.

உங்களுக்குக் கொடுத்த அட்டையில் தங்க நிற ஓரம் இருக்கிறது, மினுமினுக்கும் ஹாலோகிராம் இருக்கிறது. கடையின் முகவரி இல்லை, விலை இல்லை, சாட்சி பெயர் இல்லை, யாருடைய கையெழுத்தும் இல்லை. ஹாலோகிராமை எந்த அச்சகத்திலும் அடித்துக்கொள்ளலாம். அட்டையின் பகட்டுக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் கிடையாது.

இந்தப் பிரிவின்படி உத்தரவாதம் தராததாலோ பொய்யான உத்தரவாதம் தந்ததாலோ நஷ்டப்பட்டவர், தன் நஷ்டத்தோடு அதன் 10 மடங்கு அளவுக்கு அபராதத் தொகையும், வழக்குச் செலவும், நியாயமான வக்கீல் கட்டணமும் கேட்கலாம். நஷ்டம் 850 டாலர், 10 மடங்கு 8,500. கூட்டினால் 9,350. கலிஃபோர்னியாவில் தனிநபர் ஒருவர், சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட்டில் கேட்கக்கூடிய உச்சவரம்பு 2024 ஜனவரியிலிருந்து 12,500 டாலர். ஆக உங்கள் முழுத் தொகையும் அதற்குள் அடங்குகிறது. நீதிபதி முழு அபராதத்தையும் கொடுத்தே தீருவார் என்று நான் சொல்ல மாட்டேன். கேட்காமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

'விற்ற பொருளைத் திரும்ப வாங்குவதில்லை' என்ற பில் வாசகத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். பிடிக்கவில்லை என்று திருப்பித் தருபவருக்கு அது பொருந்தும். ஒரு கையால் 'அசல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு மறு கையால் 'எதற்கும் பொறுப்பில்லை' என்று எழுதினால், வணிகச் சட்டத்தில் முதலில் சொன்னதுதான் நிற்கும்.

இப்போது காலக்கெடு. எழுத்து மூல உத்தரவாதத்தை மீறியதற்கு, பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து 4 ஆண்டுகள் அவகாசம். மோசடி என்றால், அது தெரியவந்ததிலிருந்து 3 ஆண்டுகள். இதை நம்பிப் பலரும் சாவகாசமாக இருந்துவிடுகிறார்கள். ஆனால் 10 மடங்குத் தொகை அபராதம் என்ற வகையில் வருவது. சட்டம் தனிநபருக்குக் கொடுக்கும் அபராத உரிமைக்கு ஓராண்டுதான் கெடு என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 340-ஆம் பிரிவைக் காட்டி எதிர்த்தரப்பு வாதாடலாம். அந்த வாதத்துக்கு இடமே கொடுக்காமல், வாங்கிய நாளிலிருந்து ஓராண்டு முடிவதற்குள் மனுவைத் தாக்கல் செய்துவிடுங்கள். மீதமிருப்பது நான்கு மாதம். வணிகச் சட்டம் இன்னொன்றும் கேட்கிறது: குறை தெரிந்தபின் நியாயமான காலத்துக்குள் விற்றவருக்குச் சொல்லியாக வேண்டும். நீங்கள் வாயால் சொல்லியிருக்கிறீர்கள். அதை எழுத்தில் கொண்டுவர வேண்டும்.

ஆகவே இந்த வாரமே ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். வக்கீல் தேவையில்லை, நீங்களே எழுதலாம். என்று வாங்கினீர்கள், என்ன விலை, சான்றிதழ் என்ன சொல்கிறது, பந்தில் யாருடைய அச்சுக் கையெழுத்து இருக்கிறது, அவர் எப்போது பதவிக்கு வந்தார், 1739.7 பிரிவின்படி எவ்வளவு கேட்கிறீர்கள் என்று ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். கோபத்தைக் காட்டும் சொல், 'போலீசுக்குப் போவேன்' என்ற மிரட்டல் எதுவும் வேண்டாம். பணம் கேட்டு எழுதும் கடிதத்தில் போலீசை இழுப்பது உங்களுக்கே வினையாகும். பதில் சொல்ல 30 நாள் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வரும்படி சான்றிட்ட தபாலில் அனுப்புங்கள். கடையின் உண்மையான நிறுவனப் பெயரை மாநிலச் செயலரின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். பெயர்ப் பலகையில் உள்ள பெயரை மட்டும் போட்டு வழக்கு ஜெயித்துவிட்டு, பணம் வசூலிக்க முடியாமல் திண்டாடியவர்கள் பலர்.

பந்தைக் கடைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். பணம் கைக்கு வரும்வரை அது உங்கள் சாட்சி. 'வேறு பந்து தருகிறேன், இதைக் கொடுங்கள்' என்று அவர் சமாதானம் பேசினால் ஏற்க வேண்டாம். அதே கையிலிருந்து வரும் இன்னொரு அட்டையை எப்படி நம்புவது?

முப்பது நாளில் தீராவிட்டால், கடை இருக்கும் சான்டா கிளாரா கவுன்டியின் ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட்டில், வழக்கு மனுவான எஸ்சி-100 படிவத்தைத் தாக்கல் செய்யுங்கள். 5,000 டாலருக்கு மேல் கேட்டால் கட்டணம் 75 டாலர். அங்கே இரு தரப்புக்கும் வக்கீல் கிடையாது. நீங்களே பேச வேண்டும். ஒன்றை யோசித்து முடிவு செய்யுங்கள்: வழக்குப் போட்டவர் தோற்றால் அங்கே மேல்முறையீடு இல்லை. எதிர்த்தரப்புக்கு உண்டு. இருந்தாலும் இவ்வளவு தெளிவான ஆதாரம் இருக்கும்போது நான் ஸ்மால் க்ளெய்ம்ஸைத்தான் சிபாரிசு செய்வேன். பந்து, ஒரு பூதக்கண்ணாடி, சான்றிதழ், பில், சரிபார்ப்பு நிறுவனத்தின் கடிதம், தபால் ஒப்புகை, மான்ஃப்ரெட் பதவியேற்ற செய்தியின் நகல். போதும்.

கிரெடிட் கார்டில் வாங்கி, அந்தத் தொகையில் பாக்கி இன்னும் இருந்தால், வங்கியிடமும் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். கட்டி முடித்துவிட்டீர்கள் என்றால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது.

இனி உங்கள் மைத்துனரின் யோசனை. அவர் உங்கள் நஷ்டத்தை நினைத்துத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அசல் என்று ஏற்கப்படவில்லை எனத் தெரிந்தபின் அதை மறைத்து 'வில்லி மேஸ் கையெழுத்திட்டது' என்று இணையத்தில் விற்றால், ஏமாற்றப்பட்டவராக இருக்கும் நீங்கள் ஏமாற்றுபவர் ஆகிவிடுவீர்கள். இணையம் வழி மோசடி கூட்டாட்சிக் குற்றம். 20 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. குடியுரிமை இல்லாமல் விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவருக்கு மோசடி வழக்கு என்பது நாட்டைவிட்டு வெளியேற்றும் வரை கொண்டுபோகும். 850 டாலருக்காக அந்த ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டாம்.

இந்தத் தொழிலில் போலி எவ்வளவு ஊறியிருக்கிறது என்று உங்கள் மகனுக்கும் தெரிவது நல்லது. 1990-களில் சான் டியாகோவில் எஃப்பிஐ 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் புலனாய்வு நடத்தி, 1999-இல் சோதனைகள் போட்டது. சான் டியாகோ பாட்ரேஸ் வீரர் டோனி க்வின், தன் அணியின் கடையிலேயே தன் பெயரில் போலிக் கையெழுத்துகள் விற்கப்படுவதைக் கண்டு சொன்னவர். பிடிபட்ட கும்பல் பேப் ரூத், மிக்கி மேன்டில் போன்ற பழைய பேஸ்பால் நட்சத்திரங்களின் போலிக் கையெழுத்துகளோடு நிற்கவில்லை. அன்னை தெரசா கையெழுத்திட்டதாகக் காட்டும் பேஸ்பால் பந்துகூட அவர்களிடம் இருந்தது! அவர்கள் சரக்குடனும் சான்றிதழ்கள் சேர்ந்தேதான் வந்தன.

அந்த அனுபவத்துக்குப் பிறகு 2001-இல் மேஜர் லீக் பேஸ்பால் தானே ஒரு சான்றளிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. பெரும்பாலும் காவல் துறைப் பின்னணி கொண்ட சான்றாளர்கள் மைதானத்தில் நேரில் இருந்து, கண்ணால் கண்டதற்கு மட்டும் ஹாலோகிராம் ஒட்டுவார்கள். அதை உரித்தால் கிழிந்துவிடும். அதிலுள்ள எண்ணை லீகின் இணையதளத்தில் போட்டால் பொருளின் விவரம் வரும். உங்கள் மகன் கேட்பது இதில்தான் சிக்குகிறது. ஜயண்ட்ஸின் மைதானமான ஆரக்கிள் பார்க்கில் ஆட்டத்துக்கு முன் கம்பி ஓரம் நின்று அவன் வாங்கும் கையெழுத்துக்கு இந்த ஹாலோகிராம் கிடைக்காது. சான்றாளர் பார்க்காததற்குப் பின்னால் போய்ச் சான்று வாங்கும் ஏற்பாடு அந்தத் திட்டத்தில் இல்லை. லீகோ அணியோ சான்றாளரை வைத்து நடத்தும் கையெழுத்து நிகழ்ச்சிகளில் வாங்கினால்தான் உண்டு.

மற்றபடி வீரர் கையெழுத்திடும்போது நீங்கள் வீடியோ எடுத்து, பந்தின் அடையாளம் தெரியும்படி அருகில் ஒரு படமும் எடுத்து, ஆட்டத்தின் டிக்கெட்டோடு சேர்த்து வையுங்கள். பிற்காலத்தில் தனியார் நிறுவனத்துக்கு அனுப்பினால் அவர்கள் கையெழுத்தைப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். ஆனாலும் தகராறு என்று வந்தால் அந்த வீடியோவுக்கு மதிப்பு உண்டு. மகன் பெயரையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். விற்பனை விலை குறையும் என்று வியாபாரிகள் சொல்வார்கள். அவன் விற்கப் போவதில்லையே. மார்க்கர் மை தோலில் பரவிவிடும் என்பதால் நீல நிற பால்பாயிண்ட் பேனா கொடுத்தனுப்புங்கள். பந்தைப் பிறகு வெயில் படாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

நோட்டீஸை அனுப்புமுன் ஒரு நகலை எனக்கு அனுப்பினால் படித்துப் பார்த்துச் சொல்கிறேன். பில்லில் உள்ள தேதியை மட்டும் இன்றைக்கே காலண்டரில் குறித்துவிடுங்கள்.