சானிடைசர் ஜெல் பூசிய போன் திரை பிசுபிசுக்கிறது

ஜெல்லை நிறுத்துங்கள். அது கைக்கு உரியது. போனுக்கு 70% ஐசோபுரோப்பைல் அல்ககோல் துடைப்பான் போதும். கிளிநொச்சியில் சத்திரசிகிச்சை முடிந்த அம்மாவோடு வார்டில் நிற்கிறேன், நாளுக்கு நாலைந்து தரம் ஜெல் போட்டும் திரை ஒட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் ஜெல்லில் உள்ள கிளிசரினும் தடிப்பாக்கியும்தான் காரணம். அல்ககோல் ஆவியாகிப் போகும், அவை படிந்துவிடும். அதன்மேல் நம்மூர்ச் செம்மண் தூசியும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

இப்படிப் பாருங்கள்:

1. போனை அணைத்து, கவரைக் கழற்றி, டோர்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். மங்கலான படலம் தெரிந்தால் அதுதான்.

2. சற்றே ஈரமான மென்துணியால் படலத்தை எடுத்துவிட்டு, அப்புறம் அல்ககோலால் துடைத்துத் தானாகக் காயவிடுங்கள். நேரே தெளிக்க வேண்டாம், சார்ஜ் துளைக்குள் போய்விடும். குளோரினும் வேண்டாம். சேர்ஜிக்கல் ஸ்பிரிட் (தோலைத் துடைக்க விற்கும் அல்ககோல்) வாங்குவதானால் லேபிளைப் பாருங்கள், சிலவற்றில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும், அதுவும் படிந்து ஒட்டும்.

3. கவரைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். அதன் விளிம்பிலும் அழுக்குத் தங்கும், ஆனால் பலர் திரையை மட்டுமே தேய்க்கிறார்கள்.

ஒன்று: துடைத்த போனும் அடுத்த அழைப்போடு மறுபடி அழுக்குத்தான். அம்மாவின் கட்டுப் பக்கம் போகுமுன் கையைக் கழுவுங்கள், போனைக் கட்டிலில் வைக்காதீர்கள். வார்டில் யாருக்காவது வயிற்றோட்டம் என்றால் ஜெல்லை நம்பாமல் சோப்புத்தான். சில கிருமிகளின் வித்துகள், அதாவது தடித்த உறைக்குள் உறங்கும் வடிவங்கள், அல்ககோலுக்குச் சாகாது.