சாயங்காலம் அம்மாவிடம் ஓடும் குழந்தை

அன்புள்ள அண்ணா,

என் மகளுக்கு ஒன்றரை வயது. என்னைவிட மனைவிக்குச் சம்பளம் அதிகம், அதனால் இருவரும் பேசித்தான் நான் வேலையை விட்டேன். ஏழு மாதமாக வீட்டில் இருக்கிறேன். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் நான்தான். ஆனால் சாயங்காலம் மனைவி கதவைத் திறந்ததும் என் கையை உதறிவிட்டு ஓடிவிடுகிறாள். ராத்திரி அழுதாலும் அம்மாதான் வேண்டும். யாராவது ‘இப்போ என்ன பண்றீங்க’ என்று கேட்டால் ‘சின்ன பிரேக்’ என்று பொய் சொல்கிறேன். நேற்று துணி மடித்துக்கொண்டிருக்கும்போது காரணமே இல்லாமல் அழுகை வந்துவிட்டது. நான் இதற்கு லாயக்கில்லையோ என்று தோன்றுகிறது. பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

அந்த அழுகையை முதலில் பேசிவிடுவோம். குழந்தை வளர்க்கும் அப்பாக்களுக்கும் மனச்சோர்வு வரும். 2010இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மனைவி கர்ப்பமாக இருக்கும் காலத்திலிருந்து குழந்தையின் முதல் வயதுக்குள் ஏறக்குறைய பத்தில் ஓர் அப்பாவுக்கு அது இருந்தது தெரியவந்தது. உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டிவிட்டாள், ஆனால் சோர்வு வயதுக் கணக்கு பார்த்து வருவதில்லை. ஒரு நாள் அழுதால் அழுதுவிட்டுப் போகலாம். இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்கள் மனம் கனத்துக் கிடக்கிறது, குழந்தை தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். மனைவியிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

சரி, சாயங்காலத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் உண்மையில் வலிக்கிற இடம் அதுதான் என்று நினைக்கிறேன். நானும் என் மகனோடு மூன்று வருடம் வீட்டில் இருந்தவன். அவனுக்குக் காய்ச்சல் வந்த ஒரு ராத்திரி, நான் நெற்றியில் போட்ட ஈரத்துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ‘அம்மா’ என்று கத்தினான். கையில் தண்ணீர் டம்ளரோடு அறை வாசலில் வெகுநேரம் நின்றேன், பகலெல்லாம் நான் யாருக்காக ஓடினேன் என்று கோபமாகக்கூட இருந்தது. புரிய நாளாயிற்று. குழந்தை பகல் முழுக்க யாரைக் காணோமோ அவர்களைத்தான் தேடும். நீங்கள் காணாமல் போகவே இல்லையே, உங்களை அவள் எதற்குத் தேடவேண்டும்? பிரிவைக் கண்டு பயப்படுவது பத்து மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் உச்சத்தில் இருக்கும், உங்கள் மகள் சரியாக அந்த இடத்தில் நிற்கிறாள். பகலில் அவள் தடுக்கி விழும்போது, பழக்கமில்லாத முகம் ஒன்று வீட்டுக்குள் வரும்போது, யார் காலைக் கட்டிக்கொள்கிறாள் என்று கவனியுங்கள்.

அம்மாவுக்கு இயல்பாக வருவது நமக்கு வராது என்ற பயம் உங்கள் வரிகளுக்கு அடியில் இருக்கிறது. 2014இல் மூளை ஆய்வாளர் ரூத் ஃபெல்ட்மனும் அவருடைய குழுவினரும் அப்பாக்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். குழந்தையின் முழுப் பொறுப்பையும் ஏற்ற அப்பாக்களுக்கு, ஆபத்தைக் கண்டு உஷாராகும் அமிக்டலா பகுதி அம்மாக்களுக்கு இயங்குவது போலவே இயங்கியது. குழந்தையோடு செலவிடும் நேரம் கூடக்கூட, அந்தப் பகுதிக்கும் மற்றவர் மனதைப் படிக்க உதவும் பகுதிக்கும் இடையே இணைப்பு வலுத்திருந்தது. நீங்கள் டயபர் மாற்றுகிற, தோளில் போட்டுத் தட்டுகிற இந்த ஏழு மாதமும் உங்களுக்குள் ஏதோ வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அவள் எதற்கு அழுகிறாள் என்று பாதி நேரம் புரியவில்லையா? எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர் பல வருடம் அம்மாக்களையும் குழந்தைகளையும் படம்பிடித்துப் பார்த்ததில், அவர்கள் ஒத்திசைந்திருந்தது ஏறக்குறைய முப்பது சதவீத நேரம்தான். மீதி நேரம் தவறவிடுவதும் மறுபடி சேர்வதுமாகப் போகிறது, அந்த மறுபடி சேர்வதில்தான் குழந்தைக்கு நம்பிக்கை பிறக்கிறது.

அப்புறம் அந்த ‘சின்ன பிரேக்’. தயவுசெய்து அதை விடுங்கள். ‘பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லி நிறுத்துங்கள், ‘இப்போதைக்கு’ என்று பின்னால் ஒட்டாதீர்கள். அதற்கு மேல் வரும் மௌனத்தைக் கேட்டவரே சமாளிக்கட்டும். உங்கள் கைச்செலவுக்கு மாதா மாதம் ஒரு தொகையை இருவருமாக முடிவு செய்து தனியாக வைத்துவிடுங்கள், ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்குவது மனதை அரிக்கும். உங்கள் மகள் வயதுக் குழந்தை பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம் தூங்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவள் பகலில் தூங்கும் நேரத்தில் துணி மடிக்காதீர்கள், படுங்கள், துணி எங்கேயும் போகாது.

மனைவி வந்ததும் குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டு அன்றைய கஷ்டத்தை ஒப்பிப்பது என் பழக்கமாக இருந்தது. முதல் கால்மணி நேரத்துக்கு ஒன்றும் சொல்வதில்லை என்று நாங்களே ஏற்பாடு செய்துகொண்டபிறகு சாயங்காலங்கள் மாறின. பிரிந்திருந்த வலி அவருக்கும் உண்டு. அவர் டயபரைத் தவறாகக் கட்டினால் கட்டட்டும்.

ஒன்று செய்து பாருங்கள். வருகிற விடுமுறை நாளில் மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு நாலு மணி நேரம் தனியாக வெளியே போங்கள், போனைத் திரும்பத் திரும்பப் பார்க்காமல். திரும்பி வந்து நீங்கள் கதவைத் திறக்கும்போது என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.